பாலக்காட்டுக் காற்றில் தினசரி சைக்கிள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காட்டுக்குச் சைக்கிளில் வேலைக்குப் போகிறவரிடம் "எவ்வளவு தூரம்?" என்று கேட்பதைவிட "எந்த மாதம்?" என்று கேட்பதே சரி. ஆனி, ஆடியில் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்கிற அதே ரோட்டில் மார்கழி காலையில் பாட்டுப் பாடிக்கொண்டே போகலாம். சித்தூர், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், வாளையாறு என்று தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் இந்த எல்லை ஊர்களில் ஏற்ற இறக்கம் பெரிதாகக் கிடையாது. இங்கே சைக்கிளுக்கு மேடு என்றால் அது காற்றுதான்.

வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவில் 30 கிலோமீட்டருக்கு மேல் மலையே இல்லாத வாசல். தென்மேற்குப் பருவக்காற்று இந்த வாசல் வழியாகத்தான் கோவைப் பக்கம் பாய்கிறது. வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும். மார்கழி, தை, மாசியில் தலைகீழ்: கிழக்கிலிருந்து மேற்கே, ஈரமில்லாத வறண்ட காற்று, உதடு வெடிக்கும், கண்ணில் மண் விழும். மலையாளத்தில் திருவாதிரைக் காற்று என்று சொல்வது இதைத்தான். இந்த இரண்டு காற்றையும் மனதில் வைத்துச் சைக்கிளையும் நேரத்தையும் அமைத்துக்கொண்டால் இந்தப் பக்கம் சைக்கிளைப்போல் சுகமான வண்டி வேறில்லை. அமைத்துக்கொள்ளாதவர்தான் ஒரே மாதத்தில் சைக்கிளைத் திண்ணையில் சாத்திவிட்டு ஸ்கூட்டருக்குத் தவணை கட்டப் போகிறார்.

காற்றைக் கணக்குப் போடுவது

மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நீங்கள் போகிறீர்கள், எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வருகிறது என்றால் உங்கள் நெஞ்சில் மோதுவது 30. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதாவது தடை இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. அதனால்தான் எதிர்காற்றில் வழக்கமான வேகத்தைப் பிடிக்க முயல்கிறவர்கள் 2 கிலோமீட்டரில் துவண்டுபோகிறார்கள். வேகத்தை மறந்துவிடுங்கள். மிதியின் எண்ணிக்கையை மட்டும் காப்பாற்றுங்கள். வலது கால் கீழே வருவதை 15 விநாடிக்கு எண்ணினால் 15 வர வேண்டும், அதாவது நிமிடத்துக்கு 60 சுற்று. அதற்குக் கீழே போனால் முட்டிக்குப் பாரம்.

சாதாரண கறுப்புச் சைக்கிளில் இந்த எண்ணிக்கையை எதிர்காற்றில் காப்பாற்ற முடியாது. காரணம் பல் சக்கரக் கணக்கு. முன்னால் பெடலோடு சுற்றும் பல் சக்கரத்தில் 44 பல், பின்னால் ஃபிரீவீலில், அதாவது பின் சக்கர அச்சிலுள்ள சிறிய பல் சக்கரத்தில், 18 பல். 28 அங்குலம், ஒன்றரை அங்குல டயர். ஒரு முழு மிதிக்கு வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நகர்கிறது. 60 மிதிக்கு மணிக்கு 20 கிலோமீட்டர் வருகிறது. காற்றில்லாத ஊருக்கு இது நல்ல அளவு. இங்கே ஆடியில் 20 கிலோமீட்டர் வேகம் யாருக்கும் கட்டாது. அதனால் மிதி 40க்கு இறங்கும், ஒவ்வொரு மிதியும் மூட்டை தூக்குகிற மாதிரி ஆகும்.

தீர்வு எளிது. சைக்கிள் கடையில் 18 பல் ஃபிரீவீலைக் கழற்றி 22 பல் போடச் சொல்லுங்கள். ஒரு மிதிக்கு நாலரை மீட்டர்தான் நகரும், 60 மிதியில் மணிக்கு 16 கிலோமீட்டர். கால் லேசாகிவிடும். பின்காற்றில் கால் வெட்டியாகச் சுற்றுவது பிடிக்காதவர்கள் 20 பல்லோடு நிறுத்திக்கொள்ளலாம், ஏறக்குறைய 18 கிலோமீட்டர் வரும். தினமும் 10 கிலோமீட்டருக்கு மேல் போகிறவர்களுக்கு எங்கள் சிபாரிசு 22தான்.

மாற்றும்போது இரண்டு விஷயம். 4 பல் கூடினால் செயின் ஓர் அங்குலம் பற்றாமல் போகும். பின் சக்கரத்தை அரை அங்குலம் முன்னால் தள்ள இடம் இருந்தால் பழைய செயினே போதும், இல்லாவிட்டால் ஓர் அங்குலம் சேர்க்க வேண்டும். அடுத்தது, சக்கரம் முன்னால் நகர்ந்ததும் பின் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி மாறிவிடும். செயினைச் சரிசெய்துவிட்டுப் பிரேக்கைப் பார்க்காமல் வண்டியைக் கொடுத்துவிடுவது கடைகளில் வழக்கம். நீங்களே சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள்: இரண்டு பக்கக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே 2, 3 மில்லிமீட்டர் சமமாக இருக்க வேண்டும், எங்கேயும் உரசக் கூடாது.

கியர் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செலவு இல்லை. ஆனால் கியரை இறக்க வெட்கப்படுகிறவர்கள் நிறையப் பேர். காற்று முகத்தில் பட்ட உடனே இறக்குங்கள், கால் சோர்ந்த பிறகு இறக்கிப் பயனில்லை.

சீட் உயரம் இன்னொன்று. கால் தரையில் முழுதாகப் பதிய வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைப்பது நம் ஊர்ப் பழக்கம். பாதி பலம் அதிலேயே போய்விடுகிறது. சுவரைப் பிடித்துச் சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே கொண்டுபோனால் கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்பீர்கள், அப்போது முட்டி லேசாக மடங்கி இருக்கும். அதுதான் அளவு. நிறுத்தும்போது ஒரு பக்கம் சாய்ந்து கால் விரல் ஊன்றினால் போதும்.

நேரமும் ஒரு கியர்தான். பருவமழைக் காலத்தில் மேற்குக் காற்று காலையில் அடங்கியிருந்து, வெயில் ஏற ஏற வலுக்கும். மேற்கே பாலக்காட்டுக்குப் போகிறவர்கள் 7 மணிக்கு முன்னால் கிளம்பினால் எதிர்காற்றின் கடுமைக்குத் தப்பலாம். சாயங்காலம் அதே காற்று முதுகில் கைவைத்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வரும். கோவையிலிருந்து வாளையாறு வழியாக மேற்கே வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கோவை 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பாலக்காடு 100 மீட்டருக்கும் கீழே. காகிதத்தில் முழுக்க இறக்கம். ஆடியில் அந்த இறக்கத்தையும் மிதித்துத்தான் இறங்க வேண்டும். இறக்கம்தானே என்று தண்ணீர் எடுக்காமல் வராதீர்கள்.

பக்கக் காற்று, லாரி, தார் ஓரம்

எதிர்காற்று களைப்பாக்கும், அவ்வளவுதான். பக்கக் காற்றுதான் ஆளைத் தள்ளும். வீட்டு வரிசை முடிந்து வயல் திறக்கும் இடம், சித்தூர்ப் புழைமீது பாலம் தொடங்கும் இடம், தென்னந்தோப்பின் கடைசி மரம். இந்த மாதிரி மறைப்பு விலகும் இடத்தில் காற்று ஒரே அடியாக வரும். வருவது தெரிந்தால் ஆபத்து பாதி குறைந்துவிடும். அந்த இடத்துக்கு 10 மீட்டர் முன்பே மிதிப்பதைக் குறைத்து, முழங்கையைத் தளர்த்தி, பிடியை இறுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கையை விறைப்பாக வைத்திருந்தால் உடம்பின் ஆட்டம் அப்படியே ஹேண்டிலுக்குப் போகும். தளர்த்தி வைத்தால் உடம்பு சாயும், சக்கரம் நேரே போகும்.

பக்கக் காற்றில் லாரி முந்தும்போது நடப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. முதலில் லாரியின் முகப்பு தள்ளும் காற்று உங்களை வெளிப்பக்கம் நகர்த்தும். லாரியின் உடல் பக்கத்தில் வந்ததும் உள்ளே இழுக்கிற மாதிரி இருக்கும். வலப்பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தால், அந்த நேரம் லாரி காற்றை மறைத்துவிடும். அதுவரை காற்றுக்கு எதிராக வலப்பக்கம் சாய்ந்து ஓட்டிக்கொண்டிருந்த நீங்கள் அந்தச் சாய்வோடு லாரி பக்கமே போவீர்கள். லாரி கடந்ததும் காற்று மறுபடி அறைந்து இடப்பக்கம் தள்ளும். எல்லாம் இரண்டு, மூன்று விநாடிக்குள். செய்ய வேண்டியது ஒன்றே: லாரி வருவது தெரிந்ததும் சாய்வைக் குறைத்து, நேரே பார்த்து, மிதித்துக்கொண்டே இருங்கள். மிதி நின்றால் சைக்கிள் இன்னும் ஆடும்.

எதிர்காற்றில் காதுக்குள் இரைச்சல்தான் கேட்கும், பின்னால் வருகிற வண்டி கேட்காது. வலது ஹேண்டிலில் ஒரு கண்ணாடி மாட்டுங்கள். இந்தப் பக்கத்துச் சைக்கிளுக்கு மணியைவிட அவசியம் அதுதான்.

வாளையாறு வழியாகப் போகிற 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நான்கு வழிச் சாலை. கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டைக்கு ஷிப்டுக்குப் போகிறவர்கள் அதில் ஓட்டியே ஆக வேண்டும். சர்வீஸ் ரோடு இருக்கும் இடமெல்லாம் அதிலேயே போங்கள், அங்கும் எதிர்த்திசையில் வேண்டாம். அடுத்த திருப்பம் தூரம் என்று தவறான பக்கத்தில் ஓட்டுவதுதான் நெடுஞ்சாலையில் சைக்கிளுக்குப் பெரிய ஆபத்து. உள்ரோட்டிலிருந்து திரும்பி ஏறுகிற டிரைவர் வண்டி வருகிற பக்கத்தை மட்டும்தான் பார்ப்பார். நீங்கள் வருவது அவர் பார்க்காத பக்கம்.

சிறிய ரோடுகளில் தார் ஓரத்தைக் கவனியுங்கள். மேலே மேலே தார் போட்டதில் ரோடு ஏறி, மண் இறங்கி, ஓரத்தில் நான்கு விரல் உயரத்துக்குப் படி விழுந்திருக்கும். பஸ்ஸுக்கு ஒதுங்கி மண்ணில் இறங்குவது சுலபம். ஓட்டிக்கொண்டே சாய்வாக மறுபடி ஏறப் போனால் முன் சக்கரம் படியில் உரசிக்கொண்டே போகும், ஏறாது. ஹேண்டில் திரும்பாது, ஆள் மட்டும் ரோட்டின் பக்கம் விழுவார். பின்னால் வண்டி வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இறங்கிவிட்டால் நின்றுவிடுங்கள், தூக்கி வைத்து ஏறுங்கள். ஓட்டியபடியே ஏற வேண்டுமென்றால் வேகம் குறைத்து, படியைக் கிட்டத்தட்ட நேராகச் சந்திக்கிற மாதிரி திருப்பி ஏறுங்கள். தண்டவாளத்தைக் கடப்பதற்கும் இதே விதி.

இறங்காமலே இருக்க வழி, முதலிலேயே ஓரத்தை ஒட்டிப் போகாமல் இருப்பது. தார் விளிம்பிலிருந்து மூன்றடி உள்ளே ஓட்டுங்கள். ஓரத்தை ஒட்டினால் பின்னால் வருகிறவர் "இடம் இருக்கிறது" என்று நினைத்து உரசிக்கொண்டு போவார். மூன்றடி உள்ளே இருந்தால் விலகித்தான் போக வேண்டும். உங்களுக்கும் ஒதுங்க மூன்றடி கையிருப்பு.

மணியும் விசிலும்

டவுனில் சைக்கிளுக்குப் பெரிய தொந்தரவு பஸ். முந்திக்கொண்டு போய் உங்கள் மூக்குக்கு முன்னாலேயே இடப்பக்கம் வெட்டி நிறுத்தும். அதைக் கண்ணால் மட்டுமில்லாமல் காதாலும் பிடிக்கலாம். கேரளத் தனியார் பஸ்ஸில் கயிறு கட்டிய மணி. ஒரு மணி அடித்தால் நிறுத்தம், இரண்டு மணி அடித்தால் புறப்பாடு. எல்லை தாண்டினால் அதே கணக்கு விசிலில்: ஒரு விசில் நிற்க, இரண்டு விசில் போக. உங்கள் பக்கத்தில் ஓடும் பஸ்ஸில் ஒற்றை மணி கேட்டதும் மிதிப்பதை நிறுத்தி, பஸ்ஸைப் போகவிட்டு, அதன் பின்னால் போய்விடுங்கள். நிற்கிற பஸ்ஸில் இரட்டை மணி கேட்டால் வலப்பக்கமாக அதை முந்த முயல வேண்டாம், அது இப்போதே வலப்பக்கம் வெளியேறும். நிற்கும் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில், இடப்பக்கச் சந்தில், எந்தக் காலத்திலும் நுழையாதீர்கள். படியிலிருந்து ஆள் இறங்குவார், கதவு திறக்கும்.

பாலக்காட்டில் ஸ்டேடியம் பஸ் ஸ்டாண்டு, சுல்தான்பேட்டை, ஒலவக்கோடு ஜங்ஷன் போன்ற இடங்களில் வலது திரும்ப வேண்டுமென்றால் நடு ரோட்டுக்குப் போய் நிற்க வேண்டாம். நேரே கடந்து அந்தப் பக்கம் ஓரத்தில் நின்று, சைக்கிளைத் திருப்பி, அந்த ரோட்டுக்கு வழி விடும்போது மறுபடி நேரே கடங்கள். அரை நிமிடம் கூடும். அவ்வளவே.

குடை, பை, மழை

ஒரு கையில் குடை, ஒரு கையில் ஹேண்டில். மழைக் காலத்தில் இந்தப் பக்கம் எல்லா ரோட்டிலும் பார்க்கலாம். காற்றில்லாத ஊரில் அது திறமை, பாலக்காட்டுக் காற்றில் அது பாய்மரம். காற்று குடையைப் பிடித்தால் நீங்கள் குடையை விடுவதற்குள் ஹேண்டில் திரும்பியிருக்கும். அதோடு, கையில் ஒரே பிரேக். மழைக்கோட்டு போடுங்கள். அதிலும் போர்வை மாதிரி விரிகிற கோட்டு வேண்டாம், சட்டை, கால்சட்டை என்று இரண்டு துண்டாக வருவதே நல்லது. விரிகிற கோட்டுதான் இருக்கிறதென்றால் இடுப்பில் ஒரு கயிறு கட்டுங்கள். வேட்டி, லுங்கி, துப்பட்டா, சேலை முந்தானை எல்லாவற்றுக்கும் இதேதான்: காற்று வலப்பக்கம் பறத்தினால் செயினுக்குப் போகும், பின்னால் பறத்தினால் போக்ஸ் கம்பிக்குப் போகும். முழுச் செயின் கவரும் பின் சக்கரத்துக்குச் சேலை கார்டும் உள்ள சைக்கிளையே வாங்குங்கள்.

ஹேண்டிலில் துணிப்பை மாட்டுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். காற்றில் ஆடி ஆடி, பை முன் சக்கரக் கம்பிக்குள் போனால் சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். ஓட்டுகிறவர் ஹேண்டிலுக்கு மேலே போய் முகம் குப்புற விழுவார். கேரியரில் வைத்து ரப்பர் கயிற்றால் கட்டுங்கள்.

மழையில் இரும்பு ரிம்மில் பிரேக் பிடிக்கவே பிடிக்காது என்று நினைத்துக்கொண்டு ஓட்டுங்கள். ரிம்மில் படிந்த தண்ணீரைக் கட்டை துடைத்தெடுத்த பிறகுதான் பிடிப்பு வரும். நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே இரண்டு பிரேக்கையும் லேசாக அழுத்திப் பிடித்து இரண்டு மூன்று சுற்று துடைத்துவிட்டு, பிறகு அழுத்துங்கள். பிடிப்பு வந்ததும் சட்டென்று கவ்வும், அதற்குக் கை தயாராக இருக்கட்டும். பின்காற்றில் போகும்போது நிற்கும் தூரம் இன்னும் கூடும். முகத்தில் காற்று படாததால் வேகம் தெரியவே தெரியாது.

அறுவடை நாளில் ரோட்டில் காயப்போட்ட வைக்கோல் ஈரமானால் வழுக்கும். காய்ந்திருந்தால் ஃபிரீவீலுக்கும் அச்சுக்கும் நடுவே சுற்றிக்கொள்ளும். மிதிக்கப் பாரமாக இருந்தால் அங்கே பாருங்கள், வளைந்த கம்பியால் கிளறி எடுத்துவிடலாம். பலத்த காற்றில் ரோட்டோரப் பனையிலிருந்து காய்ந்த மட்டை விழும், அதன் கருக்கு டயரையும் அறுக்கும் காலையும் அறுக்கும். பனை அடியில் சைக்கிளை நிறுத்தாதீர்கள், காற்று வேகமாக இருக்கும்போது அடியில் நிற்கவும் வேண்டாம்.

பஞ்சர்: முள்ளா, வால்வா?

சித்தூருக்குக் கிழக்கே மண் வறண்டு போகப் போக நெருஞ்சி முள்ளும் கருவேல முள்ளும் கூடும். ஆனால் ராத்திரி நிறுத்தி, காலையில் காற்று இறங்கியிருந்தால் உடனே முள்ளென்று முடிவு கட்டாதீர்கள். சாதாரண சைக்கிள் வால்வுக்குள் சிறிய ரப்பர்க் குழாய் ஒன்று உண்டு, வால்வு டியூப். வெயிலில் அது இற்றுப்போகும். காற்றடித்துவிட்டு வால்வு வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழ் வந்தால் குற்றவாளி அதுதான். புதுத் துண்டு ஒன்று மாற்றினால் தீர்ந்தது. சட்டைப் பையில் இரண்டு துண்டு எப்போதும் இருக்கட்டும், சில்லறைக் காசுதான்.

முள்தான் என்றால் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. ஸ்டாண்டு போட்டு, வால்வைக் கழற்றி, மிச்சக் காற்றை வெளியேற்றி, டயரின் ஒரு பக்க விளிம்பை மட்டும் லீவரால் ரிம்முக்கு வெளியே எடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் டியூபில் இன்னொரு ஓட்டை விழும். டியூபை உருவி, வால்வை மாட்டிக் காற்றடித்து, தண்ணீர்ச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கிப் பாருங்கள். குமிழ் வரும் இடத்தைப் பேனாவால் சுற்றிக் குறித்து, துடைத்து, காயவிட்டு, ஒட்டுத் துண்டைவிடச் சற்று அகலமாக உப்புத்தாளால் தேயுங்கள். பளபளப்பு போக வேண்டும். டியூபின் நடுவே ஓடும் மேட்டுக் கோடு அந்த இடத்தில் வந்தால் அதையும் தேய்த்துச் சமமாக்குங்கள், இல்லாவிட்டால் அந்தக் கோட்டை ஒட்டியே காற்று வழி கண்டுபிடிக்கும்.

பிறகு சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, காத்திருங்கள். ஒட்டு பிரிந்து வருவதற்கு முதல் காரணம் இந்த அவசரம். ஈரமாக இருக்கும்போதே துண்டை வைத்தால் உள்ளே ஆவி சிக்கிக்கொள்ளும். விரலின் பின்பக்கத்தால் தொட்டால் ஒட்டாமல் பிசுபிசுப்பு மட்டும் தெரிய வேண்டும். மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும், மழை நாளில் இன்னும் கூட. பிறகு துண்டை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேயுங்கள்.

டியூபை உள்ளே போடும் முன் டயருக்குள் கைவிட்டு முள்ளைத் தேட வேண்டும். விரலை விடாதீர்கள், பழைய பருத்தித் துணியை உருட்டி உள்ளே ஒரு சுற்று இழுங்கள். முள் இருக்கும் இடத்தில் துணி மாட்டும். ஒரு முள் கிடைத்ததும் நிறுத்தாமல் முழுச் சுற்றும் பாருங்கள், நெருஞ்சி தனியாக வருவதில்லை. டயரை ரிம்முக்குள் தள்ளும்போது கடைசிப் பகுதியைக் கையாலேயே தள்ளுங்கள். கொஞ்சம் காற்றடித்து, இரண்டு பக்கமும் டியூப் எங்காவது விளிம்பில் பிதுங்கியிருக்கிறதா என்று சுற்றிப் பார்த்துவிட்டு முழுக் காற்று அடியுங்கள். வெயிலில் நிறுத்திய சைக்கிள் "தானாக வெடித்தது" என்று சொல்வதில் பெரும்பாலானது இந்தப் பிதுங்கல், அல்லது டயரில் விழுந்த வெட்டு வழியாக டியூப் எட்டிப் பார்ப்பது. எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். எதிர்காற்று மாதங்களில் காற்றுக் குறைந்த டயரோடு மிதிப்பது வெட்டிக் கூலி, வாரம் ஒரு முறை அடியுங்கள்.

டக், டக் சத்தம்

ஒவ்வொரு மிதிக்கும் "டக்" என்று சத்தம் வந்து, காலுக்கு ஒரு சிறு விலகல் தெரிந்தால் காட்டர் பின், அதாவது பெடல் மாட்டிய கிராங்குத் தண்டை நடு அச்சோடு பூட்டும் இரும்பு ஆணி, தளர்ந்திருக்கிறது. நட்டை முறுக்கினால் சரியாகாது. நட்டு பின்னைப் பிடித்து வைக்க மட்டும்தான், உள்ளே இழுக்க அல்ல, அழுத்தி முறுக்கினால் மரை போய்விடும். கிராங்கின் அடியில் ஒரு கனமான இரும்பையோ கல்லையோ முட்டுக்கொடுத்து, பின்னின் தலையில் சுத்தியலால் இரண்டு அடி அடித்துவிட்டு, பிறகு நட்டை இறுக்குங்கள். முட்டுக்கொடுக்காமல் அடித்தால் அந்த அடி முழுவதும் நடு அச்சின் குண்டுகளுக்குப் போகும். அடித்த பிறகும் ஒரு வாரத்தில் தளர்ந்தால் பின் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள். தளர்ந்த பின்னோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் கடைசியில் கிராங்கே போகும்.

செயினை மிதிச் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் ஏற வேண்டும். தேய்மானம் பார்க்க ஒரு ஸ்கேல் போதும்: புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். எட்டில் ஓர் அங்குலம் கூடியிருந்தால் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பல்லையும் தின்றுவிடும். திருவாதிரைக் காற்றில் எண்ணெய் வழியவிட்ட செயின் மண்ணைச் சேர்த்துச் சாணைக்கல் ஆகிறது. கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

பால் கேன் கட்டுகிறவர்களுக்கு

சித்தூர் வட்டாரத்தில் பால் சொசைட்டிக்குச் சைக்கிளில் கேன் கொண்டுபோகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 20 லிட்டர்ப் பாலே 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, கேனின் எடை தனி. கேரியர் மேல் உயரமாக வைக்காமல் இரண்டு பக்கமும் சக்கரத்தின் அச்சுக்கு அருகே வருகிற மாதிரி கொக்கியில் தாழ்வாகத் தொங்கவிடுங்கள். குறைப்பால் கேன் நிறைந்த கேனைவிட மோசம்: உள்ளே அலையடித்து, திருப்பத்தில் நீங்கள் நிமிர்ந்த பிறகு அது தள்ளும். இருப்பதை இரண்டு கேனிலும் சமமாகப் பிரிப்பதைவிட, சிறிய கேன்களில் முட்ட ஊற்றிச் சமமாக மாட்டுவது மேல். இறக்கும்போது ஸ்டாண்டு போட்டிருந்தாலும் ஒரு கை சைக்கிளில் இருக்கட்டும். முதல் கேனை எடுத்த மறுநொடி வண்டி மற்ற பக்கம் சாயும். பின்னால் பாரம் ஏறினால் முன் சக்கரம் இலேசாகும், பக்கக் காற்று அதைத்தான் முதலில் பிடிக்கும்.

இருட்டில்

பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சிவப்பை வாங்குங்கள். கேரியரில் மூட்டை வைத்தால் மறையாத இடத்தில், தரைக்கு இணையாக, நேர் பின்னால் பார்க்கிற மாதிரி மாட்டுங்கள். பழைய டைனமோ வைத்திருப்பவர்கள் கவனிக்க: மழையில் டயர் நனைந்ததும் அதன் உருளை வழுக்கும், மிதிப்பதை நிறுத்தி நின்றால் விளக்கும் போய்விடும். பெடலின் இரண்டு ஓரத்திலும் ஒளியை எதிரொளிக்கும் பட்டை ஒட்டுங்கள். மேலும் கீழும் ஏறி இறங்கும் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் எந்த டிரைவருக்கும் சைக்கிள் என்று புரிந்துவிடும்.

வாளையாறு, கஞ்சிக்கோடு, மலம்புழா என்று மலையடிவாரம் ஒட்டிய உள்ரோடுகளில் சாயங்காலம் இருட்டியதிலிருந்து விடியும் வரை யானை இறங்கும். இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் குறுக்கு வழி வேண்டாம், ஆள் நடமாட்டமுள்ள பெரிய ரோட்டிலேயே வாருங்கள். முன்னால் யானை தெரிந்தால் மணி அடிக்காமல், விளக்கை அதன்மேல் அடிக்காமல், திரும்பிப் போய்விடுங்கள். பக்கத்தில் போய்ப் பார்ப்பது, கடந்துவிடலாம் என்று காத்திருப்பது இரண்டும் வேண்டாம்.

பிள்ளைகளின் பள்ளிச் சைக்கிள்

எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி கிடைக்கிறது. சைக்கிள் வீட்டுக்கு வந்த அன்றே பிள்ளையை ரோட்டுக்கு அனுப்பாதீர்கள். முன் சக்கரத்தைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள், தனியாகத் திரும்பினால் ஹேண்டில் தண்டு இறுகவில்லை. இரண்டு அச்சு நட்டு, சீட் நட்டு, பெடல், பிரேக் கட்டை, மட்கார்டு கம்பி என்று ஒவ்வொன்றாக ஸ்பேனர் வைத்து இறுக்குங்கள். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழ், கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த்திசையில் திருப்பினால்தான் இறுகும். தெரியாமல் மறுபக்கம் முறுக்கி மரையைக் கெடுத்த கிராங்குகள் நிறைய. சீட்டை உயர்த்தும்போது தண்டில் உள்ள எல்லைக் கோடு வெளியே தெரியக் கூடாது. பிள்ளை உட்கார்ந்தபடி பிரேக் லீவரை முழுதாகப் பிடிக்க விரல் எட்டுகிறதா என்று பாருங்கள்.

புதுச் சக்கரத்தின் கம்பிகள் ஓட ஓடத் தளரும். இரண்டு வாரம் ஓடிய பிறகு பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் சேர்த்து அழுத்திப் பாருங்கள். ஒன்று மட்டும் தொளதொளவென்று இருந்தால் சைக்கிள் கடையில் கொடுத்து அப்போதே கோட்டம் எடுத்துவிடுங்கள். அச்சு நட்டுகளையும் அன்றைக்கே இன்னொரு முறை இறுக்கிவிடுங்கள்.